இரண்டு நிறத்து வயிறு

பக்கிரிசாமி ஆண்டுகளைக் குதிரைகளைக் கொண்டுதான் நினைவில் வைத்திருந்தார். கல்யாணம் எப்போது என்று கேட்டால், "அந்த வெள்ளக்கால் பொட்டக் குதிரை இருந்தப்ப" என்பார். தன் வயிற்றில் புண் வெடித்து ரத்த வாந்தி எடுத்ததை, "கறுப்பன் கால ஒடிச்சிக்கிட்ட வருசம்" என்பார். ஆஸ்பத்திரிச் சீட்டின்படி அது 1979.

கோலாலம்பூர் பந்தயத் திடலின் லாயத்தில் அவர் சைஸ். குதிரையைக் குளிப்பாட்டி, தேய்த்து, தீனி வைத்து, நடத்திச் சென்று, சாணம் அள்ளுவது வேலை. கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் லாயத்துக்கு வந்தவர். வீடு பிரிக்ஃபீல்ட்ஸில், தண்டவாளத்தை ஒட்டி இரண்டு அறை. விடிவதற்குள் வெறும் வயிற்றில் பால் கலக்காத ஒரு கோப்பி-ஓ, ஒரு சிகரெட். குதிரைகள் தின்று முடிக்கும்வரை தான் வாயில் எதுவும் வைப்பதில்லை என்று ஒரு வைராக்கியம். வெள்ளிக்கிழமை விரதம் வேறு. இருபது வருடம் இப்படி ஓட்டினால் வயிறு என்ன செய்யும்? செய்ய வேண்டியதைத்தான் செய்தது.

அவரைக் காப்பாற்றியது வார்டு சிஸ்டர் மீனலோசனி. யாழ்ப்பாணத்து வம்சம், பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர், நோயாளி அழுதால் முதலில் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் பிறகு காரணம் கேட்கிறவர். மணிக்கு ஒரு தம்ளர் பால், வடிகட்டிய கஞ்சி. மிளகாய் இல்லை, பச்சைக் காய் இல்லை, சக்கை உள்ள எதுவும் இல்லை. "புண்ணுக்கு ஓய்வு வேணும், பக்கிரி. வயித்துக்கு வேலை குடுக்கக் கூடாது" என்றார். அந்தக் காலத்து வைத்தியம் அதுதான். பக்கிரிசாமி பிழைத்தார். பிழைத்த மனிதனுக்கு, தன்னைப் பிழைக்க வைத்த சொல்லின் மேல் வருகிற நம்பிக்கை சாதாரணமானதல்ல.

1990இல் அவர் பொறுப்பில் இருந்த குதிரைக்குப் பந்தயப் பெயர் ஏதோ நீளமான ஆங்கிலத்தில் இருந்தது. பக்கிரிசாமி அதைத் 'தொரை' என்று கூப்பிட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் வந்தது, செம்பட்டை நிறம், எதிலும் குறை கண்டுபிடிக்கும். "எங்கப்பன் தோட்டத்துல தொரைக்கு முன்னால தலப்பாவ கழட்டிட்டு நின்னாரு. நான் இந்தத் தொரைய காலத் தூக்குடாங்குறேன், தூக்குறான்" என்று மற்ற சைஸ்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தொரை ஓட்ஸைப் பாதியில் விட ஆரம்பித்தது. ஓயாமல் கொட்டாவி விட்டது. பல்லை நறநறவென்று கடித்தது. சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கப் போனால் திரும்பிக் கடிக்க வந்தது. திமிர் என்றார் பயிற்சியாளர் வாசு. குதிரை டாக்டர் சந்திரகலா திமிர் என்று சொல்லவில்லை. புதிதாக வந்திருந்த மூன்று மீட்டர் நீள ஸ்கோப் குழாயை மூக்குத் துவாரம் வழியாகச் செலுத்தி, கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "வயித்துல புண்ணு" என்றார்.

பக்கிரிசாமியின் கை தானாகத் தன் வயிற்றுக்குப் போனது.

ஒரு வேளைக்கு இருபது மாத்திரை, நாளைக்கு மூன்று வேளை. இடித்து, வெல்லப்பாகில் குழைத்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் கடைவாயில் ஏற்ற வேண்டும். ஒரு மாதத்தில் தொரை தேறியது. மாத்திரையை நிறுத்திய அன்று டாக்டர் சொன்னார்: "அண்ணே, புண்ண ஆத்துறது ஈஸி. திரும்ப வராம பாக்குறதுதான் கஷ்டம். அது இனிமே உங்க கையிலதான் இருக்கு. முன்னால எப்பவும் புல்லு இருக்கணும். ஓட்ஸக் குறைச்சிடுங்க."

"சரிங்க டாக்டர்" என்றார். நம்பவில்லை. காய்ந்த புல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். குச்சி குச்சியாக, துடைப்பம் மாதிரி. இதைப் புண் ஆறிய வயிற்றில் போடுவதா? டாக்டர் கெட்டிக்காரிதான். ஆனால் அவருக்கு வயிற்றில் புண் வந்ததில்லையே.

அன்று மாலையே மீனலோசனியின் வீட்டு வாசலில் நின்றார். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் அவர் சேலையில் மடிப்புக் கலையாமல்தான் இருந்தார்.

"என்ன பக்கிரி, திரும்பவும் வயிறோ?"

"எனக்கு இல்ல மிஸ்ஸி. குதிரைக்கு."

மீனலோசனி சிரிக்கவில்லை. வார்டில் கேட்பது போலவே கேட்டார். எத்தனை தரம் சாப்பாடு? என்ன நிறத்தில் போகிறது? எப்போது வலி? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புண் எண்டால் புண்தான். ஆருடைய வயிறு எண்டால் என்ன? சக்கையை நிப்பாட்டும். மெதுவான சாப்பாடு, நேரத்துக்குக் குடும். நடுவிலை வயிறு ஆறட்டும்" என்றார்.

பக்கிரிசாமி லாயத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டினார். தவிடும் நொய்யும் போட்டுக் குழையக் குழையக் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை வைத்தார். புல்லைப் பெயருக்கு ஒரு பிடி. தொரை வாளியைச் சில நிமிடங்களில் நக்கி முடித்தது. பிறகு அடுத்த வேளைவரை சும்மா நின்றது. சும்மா நிற்க முடியாமல் லாயக் கதவின் மேல் விளிம்பைக் கடித்துத் தின்றது. ஆசை அடங்கவில்லை என்று நினைத்து, பக்கிரிசாமி கதவில் மிளகாய் விழுதைப் பூசினார். தொரை பக்கத்துச் சுவரைக் கடித்தது.

ஐந்தாவது வாரம் பயிற்சி ஓட்டத்தில் தொரை நடுவழியில் நின்றுவிட்டது. மறுநாள் ஓட்ஸும் தொடவில்லை, கஞ்சியும் தொடவில்லை. கொட்டாவி, பல் கடிப்பு. எல்லாம் திரும்பி வந்தது.

வாசு குத்தூசிபோலப் பேசுகிறவர். அன்று குரலைத் தாழ்த்திப் பேசினார். அது இன்னும் மோசமாக இருந்தது. "பக்கிரி, ஓனர் சொல்லிட்டாரு. இன்னொரு தடவ மருந்துக்கு ஒத்துக்கிட்டாரு. எட்டு வாரம். நாளைக்கி ஒரு தடவ, எட்டு வாரம் முடிஞ்சி இன்னொரு தடவ ஸ்கோப் போட்டு பாப்பாங்க. அப்பவும் புண்ணு இருந்தா ஊசிதான்." அந்த ஊசி எதற்கு என்று லாயத்தில் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கால் ஒடிந்த கறுப்பனுக்குப் போட்டது அதுதான்.

பக்கிரிசாமி மறுபடி மீனலோசனியிடம் போய், கஞ்சியும் கேட்கவில்லை என்று சொன்னார். அவர் கஞ்சியின் அளவையும் வேளையையும் திரும்பக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எப்ப பாக்கினம் உள்ளுக்கை?" என்று கேட்டார்.

"நாளைக்கி காலையில மிஸ்ஸி."

"நானும் வாறன்."

டாக்சியில் வந்து இறங்கினார். குடை, கான்வாஸ் சப்பாத்து, மார்பில் குத்திய பழைய நர்ஸ் கடிகாரம். வாசு பார்த்துவிட்டு, "என்னா பக்கிரி, குதிரைக்கி ஆஸ்பத்திரி மிஸ்ஸி வந்தாச்சா? தெர்மாமீட்டரும் வைப்பாங்களா லா?" என்றார்.

"வைப்பன்" என்றார் மீனலோசனி. "ஆனால் மனுசருக்கு வைக்கிற இடத்திலை இல்லை. வாலைப் பிடிக்க நீர் வாரும்."

சைஸ்கள் சிரித்த சிரிப்பில் வாசுவும் சிரித்துவிட்டார்.

தொரைக்கு மயக்க ஊசி கொஞ்சமாகப் போட்டிருந்தார்கள். தலை தாழ்ந்து, கீழுதடு தொங்கி நின்றது. பக்கிரிசாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் சந்திரகலா கறுப்புக் குழாயை மூக்கில் நுழைத்துக்கொண்டே போனார். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், இன்னும் போனது. பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் சரியில்லை. பிறகு, "ஆன்டி, நீங்க பாக்குறீங்களா?" என்று ஒதுங்கினார்.

மீனலோசனி கவிழ்த்த வாளியின் மேல் ஏறி நின்று கண்ணை வைத்தார். நாற்பது வருடத்தில் மனித வயிறுகள் செய்கிற அத்தனை கூத்தையும் பார்த்தவர். ஆனாலும் வெகுநேரம் அசையவே இல்லை.

"இது ரெண்டு வயிறோ?" என்றார் கடைசியில், கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுதான் ஆன்டி. மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி சிவப்பு. நடுவுல ஒரு கோடு தெரியுதா?"

"தெரியுது. சேலைக்கு ஓரம் அடிச்ச மாதிரி."

"கீழ்ப்பாதிதான் அமிலம் சுரக்கும். தன்னைத் தானே காப்பாத்திக்கத் தெரியும். மேல்பாதிக்கு ஒண்ணும் தெரியாது. நம்ம வாய்க்குள்ள இருக்கிற தோல் மாதிரி. அமிலம் பட்டா வெந்துடும். கோட்டுக்கு மேல பாருங்க, வரிசையா புண்ணு."

"ஓம். அடியிலை நிக்கிற தண்ணி என்ன?"

"அதான் அமிலம்."

மீனலோசனி முகத்தை எடுத்துத் திரும்பினார். "பட்டினி போட்டனீங்கள்தானே?"

"பதினாலு மணி நேரமா. பட்டினி போட்டாத்தான் உள்ள பாக்க முடியும்."

"பதினாலு மணித்தியாலம் ஒண்டும் தின்னேல்லை. பிறகேன் இவ்வளவு?"

"அது நிக்காது ஆன்டி. நமக்கு சாப்பாட்டு வாசனை வந்தா நல்லா சுரக்கும், அப்புறம் அடங்கிரும். குதிரைக்கு அடங்காது. தின்னாலும் சுரக்கும், தின்னாட்டியும் சுரக்கும். நாளைக்கி முப்பது லிட்டருக்கு மேல."

பக்கிரிசாமி கயிற்றைப் பிடித்தபடி வாளிகளாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று வாளி. இந்தச் செம்பட்டைத் தோலுக்குள், தான் முப்பத்து மூன்று வருடமாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இந்த வயிறுகளுக்குள் எல்லாம், நாளொன்றுக்கு மூன்று வாளி அமிலம்.

"அப்ப அதுக்கு மாற்று?" என்றார் மீனலோசனி.

"வாயிலதான் இருக்கு. எச்சில். அமிலத்த அதுதான் அடக்கும். ஆனா நமக்கு புளியங்காய நெனச்சாலே ஊறும். குதிரைக்கு அப்படி ஊறாது. மென்னாத்தான் ஊறும். தாடை நின்னா எச்சிலும் நின்னுடும். காட்டுல இருந்தா நாள் பூரா மேயுது. நாமதான் மூணு வேளன்னு பழக்குறோம். வெறும் வயித்தோட ஓடவிட்டா அமிலம் தளும்பி மேல அடிக்கும். புல்லு இருந்தா மெத்தை மாதிரி மேல மிதந்து தடுக்கும்." டாக்டர் கடித்துக் குதறிய கதவைப் பார்த்தார். "அண்ணே, புல்லு எப்பவும் இருந்துச்சா?"

பக்கிரிசாமி கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். வாசு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கேல்லை" என்றார் மீனலோசனி, வாளியிலிருந்து இறங்கி. "நான்தான் நிப்பாட்டச் சொன்னனான். கஞ்சி குடுக்கச் சொன்னதும் நான்தான். மனுச வயிறு எண்டு நினைச்சு சொன்னனான். பிழை என்னுடையது. இனி என்ன செய்ய வேணும், சொல்லும். முதலிலை இருந்து சொல்லும்."

அழவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து பென்சிலையும் தாளையும் எடுத்தார்.

மறுநாள் லாயக் கதவில் ஓர் அட்டை தொங்கியது, வார்டில் கட்டில் காலடியில் தொங்குவது போல. சின்னக் கண்ணி வலையில் திணித்த புல் நான்கு இடத்தில் தொங்க வேண்டும், ஒன்று காலியாகுமுன் அடுத்தது. அந்தியில் கட்டுவது விடியும்போதும் மிச்சம் இருக்க வேண்டும். ஓட்ஸ் பாதி, அதுவும் ஐந்து சிறு வேளையாக. ஓட்டத்துக்குக் கூட்டிப்போகும் முன் இரண்டு பிடி லூசர்ன் என்கிற குதிரைமசால் புல். கால் வலித் தூள் டாக்டரைக் கேட்காமல் கூடாது, அதுவும் வயிற்றைப் புண்ணாக்கும். பக்கத்துக் குதிரை தெரியும்படி நடுப்பலகை ஒன்றைக் கழற்ற வேண்டும். தினம் இரண்டு மணி நேரம் பச்சைப் புல்லில் மேய விட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம், செய்ததும் அதில் அடையாளம்.

அட்டையில் இரண்டாவது வரிசை ஒன்றும் இருந்தது. தலைப்பு: பக்கிரி.

"இது என்னா மிஸ்ஸி?"

"குதிரை முழு நாளும் தின்னப் போகுது. அது முடிச்ச பிறகுதான் தின்னுவன் எண்டு நிண்டீர் எண்டால் நீர் செத்துப் போவீர். அதோடை சேர்ந்து தின்னும். எழுதி வையும்."

மீனலோசனி வாரம் இரண்டு நாள் வந்தார். ஒரு நாள் நர்ஸ் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாடி பார்ப்பது போலத் தொரையின் தாடையைப் பார்த்து எண்ணினார். நிமிடத்துக்கு எழுபத்தைந்து. ஒரு கிலோ புல் தின்ன நாற்பத்திரண்டு நிமிடம்.

"மூவாயிரத்துக்கு மேலை!" என்றார். "ஒரு கிலோ புல்லுக்கு மூவாயிரம் தரம் சப்புது, பக்கிரி. உம்மடை கஞ்சிக்கு?"

"கஞ்சிய எங்க மென்னுச்சு. முழுங்குச்சி."

இருவரும் காது கொடுத்து நின்றார்கள். தொரை மென்றது. கறுக், கறுக் என்று, மழையில் யாரோ சரளைக்கல்லில் நடப்பது போல. பக்கிரிசாமி பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்போல் பழகிப்போனது அது. வெறும் தீனிச் சத்தம் என்று நினைத்திருந்தார். ஒவ்வொரு கறுக்குக்கும் கொஞ்சம் மருந்து உள்ளே இறங்குகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இனி அந்தச் சத்தம் நின்றாலே அவர் தலை திரும்பியது.

தீபாவளி ஐந்தாவது வாரத்தில் வந்தது. இந்த முறையும் ஒரு மாதம் கொடுத்த மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம். காலைத் தீனி வைத்து, நான்கு வலையையும் நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போய், எண்ணெய் தேய்த்துக் குளித்து, மதியம் வேட்டியோடு திரும்பி வந்தார். லாயத்தில் சத்தமில்லை. தொரையின் முகத்தில் தோல் வாய்க்கூடு. வலைகளைக் காணோம்.

வாசு ஸ்டாப்வாட்சோடு நின்றார். "சாயந்திரம் ஒரு டைம் பாக்கணும், பக்கிரி. வயிறு கனத்தா எப்படி ஓடும்? எல்லாக் குதிரைக்கும் இதான் வழக்கம், உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஓட்டத்துக்கு முன் வாய்க்கூடு மாட்டியதெல்லாம் பக்கிரிசாமியின் கைதான், முப்பத்து மூன்று வருடமாக. எத்தனை குதிரை கதவைக் கடித்தது, எத்தனை குதிரை பட்டை கட்டும்போது திரும்பிக் கடித்தது என்று ஒரு கணம் வரிசையாக நினைவு வந்தது. ஒவ்வொன்றையும் திமிர் என்று சொல்லி அடித்திருக்கிறார்கள்.

"எவ்ளோ நேரமா மாட்டிருக்கீங்க பாஸ்?"

"எட்டு மணியிலேர்ந்து."

ஐந்து மணி நேரம். பக்கிரிசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய் வாய்க்கூட்டை அவிழ்த்தார். அதுவரை பயிற்சியாளர் மாட்டியதை எந்த சைஸும் அவிழ்த்ததில்லை.

"டேய், என்னா செய்ற?"

"டைம் பாருங்க பாஸ். வேணாங்கல. ஓட்ஸ நிறுத்துங்க. புல்ல நிறுத்தாதீங்க. இன்னும் மூணு வாரத்துல ஊசி எனக்கில்ல, இதுக்கு. அதுக்கப்புறம் என்னை வேலையவிட்டு அனுப்புங்க. இப்ப முடியாது."

வாசு வாயைத் திறந்தார். அட்டையைப் பார்த்தார். எட்டு மணிக்குப் பிறகு அடையாளம் போடாத கட்டங்கள் வெள்ளையாக இருந்தன. "தீபாவளிக்கி ஏன்டா சண்ட" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை தொரை புல் தின்ற வயிற்றோடுதான் ஓடியது. நேரம் என்ன என்று வாசு யாரிடமும் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. அதிலிருந்து, நேரம் மோசமில்லை என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

எட்டாவது வாரம் முடிந்தது. ஸ்கோப் போடுவதற்காகப் பட்டினி போட வேண்டியிருந்ததில் பக்கிரிசாமிக்குத்தான் அதிகப் பாடு. காலையில் லாயத்துக்குள் நுழைந்ததும் அந்த மௌனமே அவரை ஒரு பாடு படுத்தியது. மீனலோசனி வந்து வாளியைத் தானே கவிழ்த்துப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் சந்திரகலா பார்த்தார். குழாயைத் திருப்பினார். மறுபடி பார்த்தார். பக்கிரிசாமி தொரையின் கழுத்தில் கை வைத்திருந்தார். கழுத்து சூடாக இருந்தது. தன் கை சில்லென்று இருந்தது.

"அண்ணே," என்றார் டாக்டர், "கயித்த வாசு பிடிக்கட்டும். நீங்க வந்து பாருங்க."

பக்கிரிசாமி தயங்கித் தயங்கி வாளியின் மேல் ஏறினார். முதலில் இருட்டு. பிறகு வெளிச்சம் ஒரு பெரிய மண்டபத்துக்குள் விழுந்தது. மேலே வெள்ளைக் கூரை, வழவழவென்று. கீழே ஈரச் சிவப்பு. நடுவே அந்தக் கோடு, வளைந்து வளைந்து, எங்கும் அறுபடாமல் ஓடியது. கோட்டுக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் பழைய தழும்பு, விரல் நகத்தளவு. அடியில் மஞ்சள் தண்ணீர் மினுங்கியது. அது அசைந்தது. தொரை மூச்சு விட, மண்டபமே மெதுவாக மேலெழுந்து தாழ்ந்தது.

"டாக்டர்," என்றார், குரலை அடக்கி, உள்ளே யாரோ தூங்குவது போல. "இது பாட்டுக்கு சொரந்துக்கிட்டே இருக்கே."

"இருக்கும், அண்ணே. சாகுறவரைக்கும்."

"அப்ப நாமளும் விடக் கூடாது."

"விடக் கூடாது. விட்டா திரும்ப வரும்."

"ஓனருக்கு நான் போன் பண்றேன்" என்று கயிற்றை மீனலோசனியின் கையில் கொடுத்துவிட்டு வாசு வேகமாக வெளியே நடந்தார்.

மயக்கம் தெளியும்வரை புல் வைக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பக்கிரிசாமி நிரப்பிய வலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொரை தலையைத் தூக்கியது, காதை ஆட்டியது, கொஞ்சம் தண்ணீர் குடித்தது. டாக்டர் தலையசைத்தார். வலையைக் கட்டியதுதான் தாமதம், தொரை வாய் நிறைய இழுத்தது.

கறுக், கறுக், கறுக்.

மீனலோசனி கடிகாரத்தைக் கையில் எடுத்து எண்ணினார். "எழுவத்தி நாலு" என்று சொல்லி, அட்டையில் எழுதி, அதற்குப் பக்கத்து வரிசையைப் பார்த்தார். அது காலையிலிருந்து காலியாக இருந்தது.

"பக்கிரி, உம்மடை சாப்பாடு எங்கை?"

பக்கிரிசாமி தகர டப்பாவைத் திறந்தார். இரண்டு ரொட்டித் துண்டு, ஒரு வாழைப்பழம். தொரைக்குப் பக்கத்தில், வைக்கோலின் மேல் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்தார். மீனலோசனி கடிகாரத்தை இன்னும் உள்ளே வைக்கவில்லை.

"மெதுவா" என்றார். "சப்பித் தின்னும்."